நாம் விளையாடியபோதே அவை பழசுதான்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை, வாசகர் பகுதியில் நாலு வரியாகச் சுருக்கிப் போட மனம் வரவில்லை. அதற்குப் பதில் சொல்ல இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

எழுதியவர் விருத்தாசலத்து வாசகி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது அவர் வேலை. பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அம்மா வீட்டுப் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியிருக்கிறது. அதற்குள் அவரும் தம்பியும் பள்ளிக்கூட நாளில் விளையாடிய டிவி கேம். இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, இரண்டு கேசட். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி அந்த வீட்டில் இன்னும் ஓடுகிறதாம். மாட்டிப் பார்த்தால் படம் வந்துவிட்டது, பாட்டும் வந்துவிட்டது. ஆசையாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார். முதல் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் மரியோவின் மூன்று லைஃபும் போய்விட்டது. “இதையா லீவு முழுக்க விளையாடுனீங்க?” என்று கேட்டுவிட்டு இருவரும் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

“கேம் பழசாப் போச்சா, இல்ல நாங்க பழசாப் போயிட்டோமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் வருடக் கணக்கு பார்த்துவிடலாம். ஏனென்றால் இந்தக் கணக்கை நம்மில் பலர் போட்டுப் பார்த்ததே இல்லை.

நம் ஊர்களில் சாமுராய், மீடியா, டெர்மினேட்டர் என்று விதவிதமான பெயர்களில் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம். நாம் மரியோ என்று ஆடிய ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தது 1985 செப்டம்பரில். காண்ட்ரா முதலில் காசு போட்டு ஆடும் கடை விளையாட்டாக 1987-இல் வந்து, அடுத்த ஆண்டு ஃபேமிகாமுக்குக் கேசட்டாக வந்தது. நம் சிற்றூர்க் கடைகளின் கண்ணாடி அலமாரிக்கு இவை வந்து சேர்ந்தது தொண்ணூறுகளில். அதற்குள் ஜப்பானில் 1990-இல் சூப்பர் ஃபேமிகாம் வந்து, 1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷனும் வந்தாயிற்று. அந்த ஊர்ப் பையன்கள் முப்பரிமாணத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது நாம் மரியோவை இடமிருந்து வலமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். அசல் பொருளாக இங்கே வந்தவை எட்டாத உயரத்தில் இருந்தன. மது வியாபாரத்தில் பெயர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் சேகா மெகா டிரைவை இந்தியாவில் விற்றது. விலை 18,000 ரூபாய். அதுவும் ஜப்பானில் 1988-இல் வந்த பெட்டிதான்.

ஆகவே நம் தலைமுறை விளையாடியது நகல். அதுவும் காலம் கடந்து வந்த நகல். “9999999 இன் 1” என்று அச்சிட்ட கேசட்டைப் போட்டால் உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள். அவற்றையே வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கவிட்டுப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். நின்டெண்டோ என்ற பெயரைக் கேள்விப்படாமலே மரியோவை முடித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

டிவி கேமோடு இது நிற்கவில்லை. பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியர் அந்தப் பக்கம் போனதும் திறந்த ‘டேவ்’, ஜான் ரோமெரோ 1988-இல் எழுதிய டேஞ்சரஸ் டேவ். ‘பிரின்ஸ்’ 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து விளையாடிய ஐ.ஜி.ஐ. 2000 டிசம்பரில் வந்தது. ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி 2002-இல் வந்தது. ஆனால் 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பல கிராமங்களில் வைஸ் சிட்டிக்கு வாழ்வு வந்தது. பென் டிரைவில் ஊர் ஊராகப் போனது. அந்த மடிக்கணினியில் ஓடக்கூடிய கனம் அந்தப் பழைய விளையாட்டுக்குத்தான் இருந்தது. 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியின் கதையும் இதே. 2006-இல் அரசு அதைக் கொடுக்கத் தொடங்கியபோது பெருநகரங்களில் தட்டை டிவி வரத் தொடங்கியிருந்தது. டப்பா டிவி லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் டிவியாக வந்து இறங்கிய காலமும் அதுவே. அதனோடு டிவி கேமுக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது.

இந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைக்கும் பதில் இது: நாம் விளையாடியபோதே அவை பழசுதான். பழசு என்று நமக்குத் தெரியாது, அவ்வளவே. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் வேறொன்றும் இல்லாததால் மகிழ்ச்சி குறையவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு ஒப்பிட ஆயிரம் இருக்கிறது. விருத்தாசலத்துப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போனதற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்லக்கூடாது.

அதற்காகப் பழைய விளையாட்டுகள் எல்லாம் தங்கம் என்று சாதிக்கவும் நான் வரவில்லை. புதிதாக விளையாட வருபவருக்கு அவை ஏன் கசக்கின்றன என்று பார்த்தால், சில குறைகள் அன்றைக்கே குறைகள்தான்.

முதலாவது, கடினம். வேண்டுமென்றே வைத்த கடினம். காண்ட்ரா போன்றவை காசு போட்டு ஆடும் எந்திரத்திலிருந்து வீட்டுக்கு வந்தவை. ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அமெரிக்காவில் கேசட்டுகளை வீடியோ கடைகள் வாடகைக்கு விட்டன. சனி, ஞாயிறுக்குள் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? அதற்காகவே சிலவற்றைக் கூடுதல் கடினமாக்கினார்கள். எழுதியவர்களாலேயே முடியாத அளவு கடினம். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அவராலேயே கடைசிவரை போக முடியவில்லை. அதனால் தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. காண்ட்ராவில் 30 லைஃப் வாங்கித் தந்த மந்திரம் இதுதான். 2020-இல் அவர் காலமானபோது உலகம் முழுவதும் அந்தப் பத்து பொத்தான்களைச் சொல்லித்தான் அஞ்சலி செலுத்தினார்கள்.

இரண்டாவது, சேமித்து வைக்கும் வசதி இல்லாதது. மரியோவை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ஐ.ஜி.ஐ.யில் ஒரு மிஷன் நடுவில் சேமிக்க வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கடைசிக் காவலாளியிடம் சுடுபட்டால் திரும்பவும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். இதில் நம் ஊர் மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையங்கள் நிற்கும் நெய்வேலிக்குப் பக்கத்தில் இருந்தும் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு அதில் சலுகை கிடைக்கவில்லை. கடைசி ஸ்டேஜில் கரண்ட் போனால் அன்றைய பொழுது அதோடு சரி.

மூன்றாவது, சொல்லிக்கொடுக்கும் ஆள் இல்லாதது. புதிய விளையாட்டு முதல் கால் மணி நேரம் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. பழைய விளையாட்டுக்கு அசல் பெட்டியில் ஒரு சிறு கையேடு இருந்தது. நகல் பெட்டிக்கு அதுவும் கிடையாது. நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எதிர்வீட்டு அண்ணன்களும் மாமா பிள்ளைகளும். மரியோவின் இரண்டாம் ஸ்டேஜில் கூரைமேல் ஏறி ஓடினால் நேராக நாலாவது உலகத்துக்குப் போகலாம் என்ற ரகசியம் எந்தப் பத்திரிகையிலும் படித்துத் தெரிந்ததல்ல. தெருவில் வாய்வழியாக வந்தது. இன்று அந்தத் தெரு இல்லாமல் அந்த விளையாட்டை மட்டும் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம்.

இந்த மூன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் சலிப்பதில் பாதிக்குமேல் நியாயம் உண்டு. ஆனால் மீதியில் பழியை வேறிடத்தில் போட வேண்டும். அதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

விருத்தாசலத்தை ரயில் ஜங்ஷனாகவோ பழமலைநாதர் கோயில் ஊராகவோதான் பலருக்குத் தெரியும். அந்த ஊர்த் தொழிற்பேட்டையில் வரிசையாகப் பீங்கான் சூளைகள் உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையமும் உண்டு. சாமி பொம்மை, அகல் விளக்கோடு அங்கே செய்த இன்னொரு பொருள் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தது. மெயின் போர்டில் வெள்ளையாகச் செருகியிருக்கும் ஃப்யூஸ் கட்டை. கம்பி கருகினால் அதை உருவி, புதுக் கம்பி சுற்றி, திரும்பச் செருகுவோம். இன்று புதிதாகக் கட்டும் வீட்டில் அதைப் பார்க்க முடியாது. ட்ரிப் ஆனால் தட்டிவிடும் எம்.சி.பி. சுவிட்சுக்கு எல்லோரும் மாறிவிட்டார்கள். பீங்கான் கட்டையின் தரம் கெட்டுப்போனதால் யாரும் அதை விடவில்லை. அதைச் சுற்றியிருந்த போர்டும் வயரிங் முறையும் மாறின. ஒரு பொருள் தனியாகப் பழசாவதில்லை. அதோடு சேர்ந்து வேலை செய்த பொருள்கள் மறையும்போது அதுவும் பழசாகிறது.

டிவி கேம் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டக் ஹண்ட் விளையாட்டில் வாத்து சுடும் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். டியூப்லைட்டைக் குறிவைத்து ஏமாற்றப் பார்த்தவர்களைத் தோற்கடித்தது அந்தக் கறுப்புக் கணம்தான். இந்த வித்தை முழுவதும் டப்பா டிவியின் படக்குழாய் படம் வரையும் வேகத்தையும் துடிப்பையும் நம்பி இருந்தது. எல்.இ.டி. டிவி உள்ளே வரும் படத்தை வாங்கி, கொஞ்சம் மெருகேற்றி, சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கியின் கண்ணுக்கு அந்தத் துடிப்பும் தெரியாது, அந்தத் தாமதமும் ஒத்துவராது. வாத்து எந்நாளும் விழாது. குறி தவறினால் திரையில் எழும் நாய் சிரித்துக்கொண்டே இருக்கும்.

துப்பாக்கிக்கு நேர்ந்தது மரியோவின் தாவலுக்கும் நேர்கிறது. பொத்தானை அழுத்துவதற்கும் மரியோ எம்புவதற்கும் இடையே புதிய டிவி நுழைக்கும் சிறு தாமதம் போதும், பள்ளத்தில் விழ. படமும் கெடுகிறது. அந்தக் காலத்து ஓவியர்கள் டப்பா டிவியின் மங்கலையும் நிறக் கசிவையும் கணக்கில் வைத்தே புள்ளி வைத்தார்கள். சேகாவின் சோனிக் விளையாட்டில் வரும் அருவி, ஒன்றுவிட்டு ஒன்று கோடு போட்டு வரைந்தது. பழைய டிவியில் கோடுகள் கலந்து கண்ணாடிபோல் தண்ணீர் தெரியும். புதிய டிவியில் கம்பி போட்ட ஜன்னல்போல் இருக்கும். அம்மா வீட்டு இலவச டிவியில் மாட்டிய நம் வாசகி அறியாமலே சரியான காரியத்தைச் செய்திருக்கிறார்.

அந்த இயந்திரத்தின் வறுமையையும் சொல்ல வேண்டும். ஃபேமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். மரியோ விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் நூறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த இடுக்கில் இருந்துகொண்டு ஷிகெரு மியாமோட்டோவும் கூட்டாளிகளும் செய்த சிக்கனங்கள் வியப்பானவை. வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. இதற்கும் முன்பு, 1981-இன் டாங்கி காங் என்ற கடை விளையாட்டிலேயே மரியோவுக்கு மீசை வைத்தது, அவ்வளவு சிறிய முகத்தில் வாய் வரைய முடியாததால். தொப்பி போட்டது, ஓடும்போது முடி அசைவதைக் காட்ட முடியாததால். உலகத்திலேயே பலருக்கும் தெரிந்த முகங்களில் ஒன்று இப்படிப் பஞ்சத்தில் பிறந்தது.

இதைப் புரிந்துகொள்ளாமல் பழசைப் புதுசாக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நவம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. ஜி.டி.ஏ. வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகளை ராக்ஸ்டார் நிறுவனம் மெருகேற்றி வெளியிட்டது. அவற்றில் 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தில் எப்போதும் ஒரு புகைமூட்டம் இருக்கும். இயந்திரத்தால் தொலைதூரத்தை வரைய முடியாததால் போட்ட திரை அது. புதிய பதிப்பில் அதை விலக்கினார்கள். ஊர் ஊராகப் பயணம் போவதாக நாம் நம்பிய அந்த மாநிலம், ஒரு மலையுச்சியில் நின்றால் முழுதாகக் கண்ணில் பட்டது. எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிழைகளும் மலிந்திருந்ததால் நிறுவனம் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தது. பிறகு வந்த திருத்தத்தில் புகைமூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு பக்கம், ரசிகர்களே காப்பாற்றிய விளையாட்டுகள் இருக்கின்றன. ஈ.ஏ. நிறுவனத்தின் கிரிக்கெட் 07 வந்தது 2006-இல். ஐ.பி.எல். தொடங்கியது 2008-இல். ஆனாலும் அந்த விளையாட்டில் சென்னை அணி மஞ்சள் சட்டையோடு இறங்கும். ஆர்வலர்கள் சட்டை, மைதானம், ஆட்டக்காரர் பட்டியல் எல்லாவற்றையும் தாங்களே செய்து பகிர்ந்துகொண்டார்கள். ஈ.ஏ. அதற்குப் பிறகு கிரிக்கெட் பக்கம் இந்த வரிசையில் திரும்பவே இல்லை. 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் கதை இன்னும் மேலானது. அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இல் மூடப்பட்டது. ரசிகர்கள் சேர்ந்து செய்த ஒரு கூடுதல் பகுதி வளர்ந்து, அவர்களே அதிகாரபூர்வமாக அந்த விளையாட்டைத் தொடரும் நிலைக்கு வந்தார்கள். 2022 ஏப்ரலில் அதில் திராவிடர் நாகரிகம் சேர்ந்தது. அதன் குடிமக்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். சுருள்வாள் வீரர்கள் வருகிறார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். தமிழுக்கு இடம் தந்தது 23 வயதான ஒரு விளையாட்டு.

இப்படிப் பிழைத்தவை கொஞ்சம். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. விருத்தாசலத்துப் பொம்மைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து எளிதில் புரியும். களிமண் குழம்பை ஊற்றும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். பிள்ளையாரின் விரல் மழுங்கும். ஆனால் அச்சு எடுத்த மூல உருவம் பத்திரமாக இருந்தால் புது அச்சு எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்கு மூல உருவம் அதன் நிரல். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே ஜோர்டன் மெக்னர் நினைத்திருந்தார். 2012-இல் அவர் அப்பா வீட்டில் எதையோ ஒழித்தபோது பழைய ஃபிளாப்பி டிஸ்குகள் இருந்த பெட்டி கிடைத்தது. அதிலிருந்து நிரலை மீட்டு உலகத்துக்கே பொதுவில் வைத்தார். வீடு ஒழிப்பது இப்படியும் சரித்திரத்துக்கு உதவும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்றைய விளையாட்டுகளின் எதிர்காலம். மாடிக்குச் செல்போனோடு போன அந்தப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு அவர்கள் கையில் இல்லை. எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. பப்ஜி மொபைலை இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. அக்டோபர் முடிவதற்குள் சர்வரும் நின்றது. அதுவரை சேர்த்த சட்டை, துப்பாக்கி எதையும் ஒருவர் வீட்டுப் பரணில் எடுத்து வைக்க முடியவில்லை. பிறகு வேறு பெயரில் திரும்பி வந்தது என்பது வேறு. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற தி க்ரூ என்ற கார் விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் குறுந்தகடு இருந்தும் பயனில்லை. மரியோ கேசட்டை எந்த நிறுவனமும் எங்கிருந்தும் அணைக்க முடியாது. பழைய விளையாட்டின் பெரிய பலம் இது. முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளிடம் காட்ட இன்று ஆடுவதில் எத்தனை மிஞ்சும் என்று யோசித்தால், ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போனவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வருகிறது.

ஆகவே விருத்தாசலத்துச் சகோதரிக்கு என் பதில்: உங்கள் விளையாட்டு அன்றும் பழசு, இன்றும் பழசு. அது உங்களுக்குத் தந்த சந்தோஷத்துக்குத் தேதி கிடையாது. பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். மரியோவைத் தனியாக ஆடச் சொல்லாதீர்கள். அது பரீட்சை எழுதுவதுபோல் ஆகிவிடும். காண்ட்ராவைப் போட்டு இரண்டாவது ரிமோட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 30 லைஃப் வித்தையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாங்க் விளையாட்டில் நாமே ஸ்டேஜ் கட்டலாம் என்று காட்டுங்கள். டக் ஹண்டில் ஒரு வாத்து வரும் ஆட்டத்தில் இரண்டாவது ரிமோட்டால் வாத்தை ஓட்டலாம் என்பது நம்மில் பலருக்கும் தெரியாது. மகன் சுட, அம்மா வாத்தை ஓட்டிப் பாருங்கள். அந்த விளையாட்டுகள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் ருசிக்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் சலித்தால் விட்டுவிடுங்கள்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறை வருகிறது, பரண்கள் இறங்கும். டிவி கேம், பிரிக் கேம், ஃபிளாப்பி, கேம் சி.டி., பழைய நோக்கியா போன் எது கிடைத்தாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். பேட்டரி செல்கள் உள்ளே இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். கசிந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். அன்று படம் வந்தது நாம் ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகியதால். ஊதினால் எச்சில் ஈரம் தகட்டில் துருவேற்றும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். டப்பா டிவி ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் தள்ளாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றை இனி யாரும் செய்யப்போவதில்லை.

உங்கள் ஊரில் டிவி கேம் வாடகைக்கு விட்ட கடை, முதல் பிரவுசிங் சென்டர், விளையாட்டுகளுக்கு உங்கள் தெரு வைத்த செல்லப் பெயர்கள், கேசட் மாற்றிக்கொண்ட கதை எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இவற்றின் வரலாற்றை எழுதிவிட்டார்கள். விருத்தாசலத்திலும் விழுப்புரத்திலும் வேலூரிலும் இவை எப்படி வாழ்ந்தன என்பதை நாம்தான் எழுத வேண்டும். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்